கெழுதகைமை: நட்பில் உரிமை எடுத்துக்கொள்வது என்றால் என்ன?

'கெழுதகைமை' என்ற சொல் இன்று பேச்சில் வழங்குவதில்லை. ஆனால் அது குறிக்கும் பொருள் நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'அவன் வந்தால் நேராக அடுப்பங்கரைக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பான்' என்று ஒரு நண்பனைப் பற்றிச் சொல்லும்போது குரலில் குறை இருப்பதில்லை, பெருமைதான் இருக்கிறது. அந்தப் பெருமைக்குக் காரணமானது எதுவோ, அதுவே கெழுதகைமை. நெடுநாள் பழகிய இருவருக்கு இடையே, கேட்காமலே எடுத்துக்கொள்ளவும், சொல்லாமலே செய்து முடிக்கவும், தயங்காமல் கடிந்துகொள்ளவும் உண்டாகும் உரிமைக்கு அது பெயர். வயது ஏற ஏற நட்பு ஏன் மெலிகிறது என்று யோசிப்பவர்களுக்கு இந்த ஒரு சொல் பெரிய துணையாக இருக்கும் என்று நம்புகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரு சிநேகிதர் உண்டு. நாங்கள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் அப்பா வயலுக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வண்டியோடு வந்து, பத்தாயத்தைத் திறந்து இரண்டு மூட்டை நெல்லை அள்ளிக் கட்டி ஏற்றிக்கொண்டு, 'அவன் வந்தா சொல்லிடும்மா' என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் மகளுக்கு மறுநாள் வளைகாப்பு. அம்மாவுக்குக் கோபம். 'ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா?' என்று அப்பா வந்ததும் வராததுமாகச் சொன்னார். அப்பா கைகால் கழுவிக்கொண்டே, 'ரெண்டு மூட்டை போதுமாமா அவனுக்கு?' என்று கேட்டார். அம்மாவின் கேள்வி அவர் காதில் விழவே இல்லை என்று அப்போது நினைத்தேன். விழுந்திருக்கிறது, ஆனால் அவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை என்பது பல ஆண்டுகள் கழித்துப் பின்வரும் குறளைப் படித்தபோதுதான் புரிந்தது.

விழைதகையான் வேண்டி இருப்பர் கெழுதகையால்
கேளாது நட்டார் செயின். (804)

நண்பர் உரிமையினால் கேளாமலே ஒன்றைச் செய்துவிட்டால், அந்தச் செயலின் விரும்பத்தக்க தன்மை கருதி, அறிவுடையோர் அதைத் தாமும் விரும்பியே இருப்பர் என்பது பொருள். பொறுத்துக்கொள்வர் என்று வள்ளுவர் சொல்லவில்லை. 'வேண்டியிருப்பர்' என்கிறார். பொறுப்பதற்கும் விரும்புவதற்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் கெழுதகைமையின் பொருள் முழுவதும் இருக்கிறது.

திருக்குறளில் நட்பைப் பற்றித் தொடர்ந்து ஐந்து அதிகாரங்கள் வருகின்றன: நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. 79 முதல் 83 வரையிலான இந்த வரிசையில் நடுவில் நிற்பது பழைமை. இதற்குமுன், நட்பு என்றால் என்ன, யாரோடு நட்புக் கொள்ளலாம் என்பவை பேசப்படுகின்றன. இதற்குப்பின், விலக்க வேண்டிய நட்புகள் வருகின்றன. இடையில், தேர்ந்துகொண்ட ஒருவரோடு முப்பது நாற்பது ஆண்டுகள் எப்படி வாழ்வது என்ற கேள்விக்கு இந்த ஒரு அதிகாரம் விடை சொல்கிறது. அதன் பத்துக் குறள்களில் நான்கில் கெழுதகை, கெழுதகைமை என்ற சொற்கள் வருகின்றன. இன்னும் இரண்டில் அதே பொருளுடைய கிழமை என்ற சொல் வருகிறது. கெழுமுதல் என்றால் பொருந்துதல், நிறைதல். கிழமை என்றால் உரிமை.

கிழமை என்ற சொல்லை இலக்கண வகுப்பில் நாம் வேறு விதமாகச் சந்தித்திருப்போம். ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை. அது தற்கிழமை, பிறிதின் கிழமை என இருவகைப்படும். 'சாத்தனது கை' என்பதில் கை சாத்தனிடமிருந்து பிரிக்க முடியாதது, ஆகையால் தற்கிழமை. 'சாத்தனது வீடு' என்பதில் வீடு அவனிலிருந்து வேறானது, நாளை வேறொருவருக்கு உரியதாகவும் ஆகலாம், ஆகையால் பிறிதின் கிழமை. 'சாத்தனது நண்பன்' என்று சொன்னால் இலக்கணப்படி நண்பன் வேறான ஓர் ஆள்தான். ஆனால் வள்ளுவர் நண்பனுக்கு உவமை தேடியபோது வீட்டையோ தோட்டத்தையோ சொல்லவில்லை; கையைத்தான் சொன்னார். 'உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு' (788). இடுப்பில் ஆடை நெகிழும்போது கை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. நாம் நினைப்பதற்கு முன்பே அது போய்ப் பிடித்துவிடுகிறது. இந்தக் குறளை விரைந்து உதவுவதற்கு உவமையாக மட்டும் பெரும்பாலும் படிக்கிறோம். கேளாமல் செய்வதற்கும் அதுவே உவமை என்று எனக்குத் தோன்றுகிறது. நெல் எடுத்த கையும் ஆடையைப் பிடிக்கும் கையும் ஒரே உரிமையில்தான் நீளுகின்றன. அதனால்தான் எடுப்பதை மட்டும் தடுத்துவிட்டு, கொடுப்பதை மட்டும் எதிர்பார்க்க முடிவதில்லை.

இந்த உரிமை எதையெல்லாம் உள்ளடக்கும்? பழைமை அதிகாரத்தின் முதற்குறளுக்கு உரை எழுதும்போது பரிமேலழகர் ஒரு பட்டியலே தருகிறார். ஒரு காரியத்தைக் கேளாமல் செய்வது, கெடும்படி செய்துவிடுவது, தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்துக்கொள்வது, பணிவும் அச்சமும் இல்லாமல் நடந்துகொள்வது ஆகியவை அதில் அடங்கும். ஆசிரியர் மாணவருக்குச் சொல்லும் நல்லொழுக்கப் பட்டியலுக்கு இது நேர் எதிராக இருக்கிறது. பிறரிடம் செய்தால் குற்றமாகும் ஒவ்வொன்றும் பழைய நண்பரிடம் உரிமையாக மாறுகிறது. 'கெடும்படி செய்துவிடுவது' என்பதையும் அவர் சேர்த்திருப்பதைக் கவனிக்க வேண்டும். நன்றாகச் செய்தால்தான் உரிமை என்று வைத்தால், அது வேலைக்கு வைத்த ஆளுக்கும் நண்பருக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

இங்கே தொடக்க நிலையில் படிப்பவர்கள் பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. உரிமை என்றவுடன், சட்டத்தின் வழியாகக் கேட்டுப் பெறக்கூடிய ஒன்றை நாம் நினைத்துக்கொள்கிறோம். கெழுதகைமை அப்படிப்பட்டது அன்று. 'எனக்கு உன்மேல் உரிமை இருக்கிறது, ஆகையால் கொடு' என்று சொன்ன அந்தக் கணத்திலேயே அது இல்லாமல் போகிறது. அது இருவர் சேர்ந்து உண்டாக்குவது. ஒருவர் எடுக்கிறார், மற்றவர் அதற்கு மகிழ்கிறார், இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பெயருக்கு அது உரியதாகும்.

நட்பிற்கு உறுப்புக் கெழுதகைமை மற்றதற்கு
உப்பாதல் சான்றோர் கடன். (802)

உரிமையால் செய்வது நட்பின் உறுப்பு. அதற்கு உப்பாக, அதாவது இனிமையாக, அமைவது சான்றோரின் கடமை. குறளின் முற்பாதி எடுப்பவரைப் பற்றியது; பிற்பாதி எடுக்கப்பட்டவரைப் பற்றியது. கடன் என்ற சொல்லை வள்ளுவர் யாருக்கு வைத்திருக்கிறார் என்று பாருங்கள். உரிமை எடுத்துக்கொண்டவரிடம் கணக்குக் கேட்கவில்லை. அதை ஏற்றுக்கொள்ள வேண்டியவர்மீதுதான் கடமையை வைக்கிறார். அடுத்த குறள் இன்னும் ஒரு படி மேலே போய், நண்பர் உரிமையால் செய்ததைத் தாம் செய்ததுபோலவே கொள்ளாவிட்டால், அத்தனை காலம் பழகிய பழக்கம்தான் என்ன பயனைத் தரும் என்று கேட்கிறது.

இதைக் கதையாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வில்லிபுத்தூரார் தமிழில் தந்த பாரதத்தின் கர்ணன் நினைவுக்கு வருவான். தனியிடத்தில் துரியோதனன் மனைவியின் மேகலை அறுந்து மணிகள் சிதறிக் கிடக்க, தான் திகைத்திருந்தபோது அங்கே வந்த துரியோதனன் 'எடுக்கவோ கோக்கவோ' என்று மட்டும் கேட்டான் என்று, பாண்டவர் பக்கம் வருமாறு அழைக்க வந்த குந்தியிடம் கர்ணன் சொல்கிறான். இரண்டே சொல். ஐயத்துக்கு இடம் இருந்த ஓர் இடத்தில், சிதறிய மணிகளை எடுத்துத் தரட்டுமா, கோத்துத் தரட்டுமா என்ற கேள்வி மட்டுமே அவன் மனத்தில் எழுந்தது. உப்பாதல் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் படித்ததில்லை.

ஆனால் கெழுதகைமையை முழு அளவில் காட்டுவது சுந்தரர் வரலாறு. அவருக்குத் தம்பிரான் தோழர் என்றே பெயர். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்துகொண்டதை அறிந்து திருவாரூரில் இருந்த மனைவி பரவையார் ஊடல் கொண்டபோது, அந்த ஊடலைத் தீர்க்கச் சிவபெருமானையே தூது போகச் சொன்னார் சுந்தரர். இறைவனும் இரவில் திருவாரூர்த் தெருவில் நடந்தார். முதல்முறை பரவையார் இசையவில்லை. தோழர் வருந்தவே, இரண்டாம் முறையும் போனார். இதைக் கேள்வியுற்ற ஏயர்கோன் கலிக்காமர் என்ற சிவனடியார் கொதித்துப்போனார். ஒரு பெண்ணின் பொருட்டு ஆண்டவனை அடியவன் ஏவுவதா, இது எவ்வளவு பெரிய பிழை என்பது அவருடைய கோபம். நியாயமான கோபம்தான். வெளியில் நின்று பார்ப்பவருக்குக் கெழுதகைமை எப்போதும் மரியாதைக் குறைவாகத்தான் தெரியும். உள்ளே இருக்கும் இருவருக்கு அது அப்படித் தெரிவதில்லை. பத்தாயத்தருகே நின்ற என் அம்மாவின் நிலையும் கலிக்காமரின் நிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். பின்னாளில் அந்தக் கலிக்காமரும் சுந்தரரும் நண்பரானார்கள் என்று பெரியபுராணம் முடிக்கிறது.

அதே சுந்தரர் கண்பார்வை இழந்து திருவாரூர் வந்து பாடிய பதிகத்தில், அடியார்கள் தம் துன்பத்தைச் சொல்லிக் கலங்கும்போது பேசாதிருக்கும் உம் வாழ்வு நீரே வாழ்ந்துபோம் என்ற கருத்தில் 'வாழ்ந்து போதீரே' என்று முடிக்கிறார். கடவுளிடம் இப்படிப் பேசலாமா என்ற கேள்வி தமிழில் எழுந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பதிகம் தேவாரமாகப் பாடப்பட்டுக்கொண்டிருக்கிறது. நெருங்கியவரிடம் மட்டுமே நாம் மனம்விட்டுக் கோபப்பட முடியும். அந்நியரிடம் கோபத்தை அடக்கிக்கொள்கிறோம், அல்லது விலகிவிடுகிறோம்.

நண்பர் நோகச் செய்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு வள்ளுவர் தரும் விடை நடைமுறைக்கு உகந்தது. 'பேதைமை ஒன்றோ பெருங்கிழமை என்றுணர்க நோதக்க நட்டார் செயின்' (805). வருந்தத்தக்க ஒன்றை நண்பர் செய்தால், ஒன்று அது அறியாமையால் செய்தது, அல்லது மிகுந்த உரிமையால் செய்தது என்று உணர்ந்துகொள். மூன்றாவதாக, 'வேண்டுமென்றே செய்தது' என்ற ஒரு காரணத்தை அவர் அந்த இடத்தில் வைக்கவே இல்லை. நம் மனமோ அந்த மூன்றாவதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. கலியாணப் பத்திரிகையை நேரில் கொண்டுவந்து வைக்காமல் தொலைபேசியில் அனுப்பிவிட்ட நண்பரைப் பற்றி, 'என்னைக் குறைத்து நினைத்துவிட்டான்' என்று முடிவு கட்டுவது எளிது. 'இவனுக்குச் சொல்லவும் வேண்டுமா, வந்துவிடுவான்' என்ற பெருங்கிழமையில்தான் அவர் அப்படிச் செய்திருக்கக்கூடும். 808ஆம் குறள் இன்னும் நுட்பமானது. நண்பர் செய்த பிழையைப் பிறர் வந்து சொன்னாலும் செவி கொடுக்காத கெழுதகைமை உடையவர்களுக்கு, அந்த நண்பர் பிழை செய்த நாளும் பயன்பட்ட நாளே என்கிறது அது. உங்கள் நண்பர் உங்களைப் பற்றி வேறொரு வாட்ஸ்அப் குழுவில் என்ன எழுதினார் தெரியுமா என்று ஒருவர் படம் எடுத்து அனுப்பும் காலத்தில், 'கேளிழுக்கம் கேளா' என்ற அந்த இரண்டு சொல்லை மனத்தில் வைத்திருப்பது பெரிய பாதுகாப்பு.

அப்படியானால் யார் எதைச் செய்தாலும் ஏற்றுக்கொண்டே இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. இந்த அதிகாரத்துக்குப் பழைமை என்று பெயர் வைத்திருப்பதே முதல் வரம்பு. நேற்று அலுவலகத்தில் சேர்ந்தவர் இன்று தோளில் கைபோட்டுக்கொண்டு கடன் கேட்பதற்குப் பெயர் கெழுதகைமை அன்று. காலம் இல்லாமல் அந்த உரிமை விளைவதில்லை. இரண்டாவதாக, இந்த அதிகாரத்துக்கு முன்னால் நட்பாராய்தல் இருக்கிறது. ஆராயாமல் நட்புக் கொள்வதைப் போன்ற கேடு இல்லை, ஏனென்றால் நட்பை விரும்பி வாழ்பவர்களுக்கு நட்டபின் அதைக் கைவிடுவது இயலாது என்று 791 எச்சரிக்கிறது. அந்தப் படியைத் தாண்டி வந்தவர்களுக்காக மட்டுமே பழைமை பேசுகிறது. மூன்றாவதாக, அடுத்த அதிகாரமான தீ நட்பு. கிடைக்கும் பயனை எடைபோட்டுப் பார்த்துப் பழகுபவரை அது கள்வரோடு சேர்த்து எண்ணுகிறது. செய்ய முடிந்த காரியத்தையும் செய்யவிடாமல் கெடுப்பவரின் நட்பை, அவரிடம் சொல்லிக்கொண்டிருக்காமல் மெல்லத் தளரவிட்டுவிடு என்கிறது. 'சொல்லாடார் சோர விடல்' (818) என்ற அந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. சண்டை இல்லை, விளக்கம் இல்லை, ஊரைக் கூட்டி நியாயம் கேட்பதும் இல்லை.

நடைமுறையில் இரண்டையும் பிரித்து அறிய நான் ஒன்றைப் பார்ப்பேன். என் வீட்டில் கேளாமல் எடுப்பவர், தம் வீட்டில் நான் கேளாமல் எடுத்தால் என்ன முகம் காட்டுகிறார் என்பதே அது. ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் கதவுக்குக் கெழுதகைமை என்று பெயர் வைக்க முடியாது.

காதலிலும் இல்லறத்திலும் இதே உரிமைக்கு ஊடல் என்று பெயர். அங்கேயும் வள்ளுவர் உப்பைத்தான் கையில் எடுக்கிறார் என்பது எனக்கு வியப்பாக இருக்கும். 'உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்' (1302). புலவி, அதாவது ஊடல், உணவில் உப்பு அளவாக அமைவது போன்றது. அதைச் சற்று நீளவிட்டால் உப்பு மிகுந்ததுபோல் ஆகிவிடும். நட்பில் உரிமையை ஏற்பதற்கு உப்பு உவமையாயிற்று, காதலில் உரிமையோடு கோபித்துக்கொள்வதற்கும் உப்பே உவமையாயிற்று. தன்மேல் அன்பு உள்ளவரிடம் மட்டுமே ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியும். அன்பில்லாதவரிடம் திருப்பினால், அதைத் திரும்பிப் பார்க்க அங்கே ஆள் இருக்காது. நிழலில் இருக்கும் நீர்தான் இனிது, அதுபோலப் புலவியும் விரும்புகிறவரிடத்தில்தான் இனிது என்று 1309 சொல்வது இதைத்தான். கணவனும் மனைவியும் ஒருவரிடம் ஒருவர் குறைசொல்வதை நிறுத்திவிட்டு மரியாதையாகப் பேசத் தொடங்கினால், வீடு அமைதியாகிவிட்டது என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அந்த அமைதிக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும், எது குறைந்துவிட்டது என்று.

நடுவயதில் நட்பு மெலிவதும் பெரும்பாலும் சண்டையினால் அன்று. மரியாதையினால்தான். ஒருவர் சற்று வசதியாகிறார், மற்றவர் அப்படியே இருக்கிறார். ஒருவர் ஊர் மாறுகிறார். 'அவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும், தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று மற்றவர் நினைக்கத் தொடங்குகிறார். அந்த நினைப்பில் தீமை எதுவும் இல்லை, அன்புகூட இருக்கிறது. ஆனால் அதில் கிழமை கீழ்ந்துபோகிறது, அதாவது உரிமை சிதைகிறது. எங்கள் குடும்பம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருச்சியில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன பிறகு மாமா முதல்முறை வந்தபோது, முன்கூட்டியே தொலைபேசியில் 'வரலாமா?' என்று கேட்டார். வாசலில் அழைப்பு மணியை அடித்துவிட்டு, ஆப்பிளும் ஆரஞ்சும் நிறைந்த பையோடு நின்றார். செருப்பை எங்கே விடுவது என்று தயங்கினார். அப்பா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'என்னடா, ஆஸ்பத்திரிக்கா வந்திருக்க?' என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் பையை வாங்கி வைத்துவிட்டு, 'அண்ணே, காப்பி டிகாஷன் அடுப்புப் பக்கத்துல இருக்கு, நீங்களே கலந்துக்குங்க' என்றார். நெல் எடுத்த அன்று கோபப்பட்ட அதே அம்மா. அவர் அடுப்பங்கரைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் அப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

மகிழ்ச்சி என்பதை இந்தப் பார்வையில் எண்ணிப்பார்த்தால், அது நமக்கு வந்து சேர்ந்த பொருளில் இருப்பதைவிட, நம்மிடம் கேளாமல் எடுத்துக்கொள்ள ஒருவர் இருப்பதில் அதிகமாக இருக்கிறது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் (235) எண்ணிச் சொல்பவை சிறியவை. சிறிதளவு கள் கிடைத்தால் எமக்கே தந்துவிடுவான், பெரிய அளவில் கிடைத்தால் யாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான், எலும்போடு கூடிய தசை கிடைக்கும் இடமெல்லாம் எமக்குத் தருவான் என்று சொல்லிக்கொண்டே வந்து, 'நரந்தம் நாறும் தன் கையால் புலவு நாறும் என் தலை தைவரும் மன்னே' என்கிறார். மணம் கமழும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பானே, அது போயிற்றே என்ற அழுகை அது. அரசன் கொடுத்த பரிசிலைவிடத் தலையைத் தடவிய கைதான் அவருக்கு நினைவில் நின்றது.

அப்பா மறைந்த அன்று திருச்சி வீடு முழுவதும் ஆட்கள். எதை எங்கே வைத்திருக்கிறோம் என்று எங்கள் யாருக்கும் ஓடவில்லை. மாமா விடியற்காலைப் பேருந்தில் வந்து இறங்கினார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேராக உள்ளறைக்குப் போய்ப் பீரோவைத் திறந்து, அடுக்கி வைத்திருந்தவற்றை ஒதுக்கிவிட்டு, அடியில் இருந்த மயில்கண் கரை வேட்டியை உருவி எடுத்துக்கொண்டு வந்து, 'இதத்தான் அவன் கட்டுவான்' என்று சொல்லிவிட்டு, அப்பாவின் இடுப்பில் தம் கையாலேயே சுற்றினார்.